அம்மா அளந்து ஊற்றிய தேத்தண்ணீர்

அம்மன் காலடியில் சேர்ந்துவிட்ட எங்கள் அப்பாவைப் பற்றி இந்த நினைவு மலரில் நீதான் எழுத வேண்டும் என்று அண்ணா சொல்லிவிட்டார். எழுதுகிறேன். அழுதழுது எழுதுவதாக நினைக்க வேண்டாம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மனம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

அப்பா உடப்பில், கரைவலை இழுத்து மீன்பிடிக்கும் ஒரு குடும்பத்தில் பிறந்தார். ஆனால் தோணியில் கால் வைத்தாலே அவருக்கு வாந்தி வரும். "உடப்பானுக்குக் கடல் ஒத்துக்காதாம்" என்று ஊர் சிரித்தது. இளவயதிலேயே லொறியில் கிளீனராக ஏறி, சாரதியாகி, பின்னர் கடன்பட்டுச் சொந்தமாக ஒரு பழைய டொல்பின் வேன் வாங்கினார். கதிர்காமம், முன்னேஸ்வரம், கல்யாண வீடு, செத்த வீடு என்று அவர் ஏற்றி இறக்காத குடும்பம் எங்கள் ஊரில் இல்லை.

வேனுக்குள் அடுப்பு வந்தது யுத்த காலத்தில். சோதனைச் சாவடி வரிசையில் மணிக்கணக்காக நிற்கும்போது பிள்ளைகள் பசியில் கத்தும். பக்கத்தில் கடை இராது. அப்பா பின் சீற்றுக்குக் கீழே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் கேத்தலும் வைத்துக்கொண்டார். சாமான்களைக் கிண்டிப் பார்க்க வந்த சிப்பாய் ஒருவர், கடைசியில் படியில் உட்கார்ந்து இஞ்சிப் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனதும் உண்டு.

ஓடும் வேனில் அப்பா ஒருநாளும் அடுப்பு மூட்டமாட்டார். வாடையா, சோழகமா, கச்சானா என்று காற்றைப் பார்த்து, அதற்கு முதுகு காட்டி வேனை நிறுத்துவார். கடலுக்கு உதவாத காற்றுக் கணக்கு தேத்தண்ணீருக்கு உதவுகிறது என்று அம்மா கேலி பண்ணுவார். தொட்டுக் குடிக்கச் சீனியை ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்து, கோப்பையைக் கையில் கொடுத்து, எல்லோருக்கும் கிடைத்த பிறகுதான் தனக்கு ஊற்றுவார். அதுவும் பெரிய கோப்பையில், தளும்பத் தளும்ப.

அப்படிப்பட்டவருக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரத்துக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கப் புத்தளத்துக்குப் போனோம். அண்ணா ஓட்டுவார். தண்ணீரோ தேத்தண்ணீரோ, ஒரு நாளைக்கு இவ்வளவுதான், மீறினால் நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்துவிடும் என்று டொக்டர் சொன்னார். அன்றிலிருந்து அளவு அம்மாவின் கைக்குப் போனது. பாணி மருந்துப் போத்தலின் மூடியால் அளந்துதான் ஊற்றுவார்.

திரும்பி வரும்போது பாலாவி உப்பளம் தாண்டி வேனை நிறுத்துவோம். பாலாவியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானாவும் அதே நோயாளி, எங்களோடுதான் வருவார். அப்பாவே எல்லோருக்கும் தேத்தண்ணீர் போடுவார். பிறகு தன் கோப்பையை அம்மாவிடம் நீட்டுவார்.

"இன்னும் ஒரு வாய் ஊத்து."

"அது காணும், போதும்."

"ஒரு வாய்தானே கேக்கிறன்."

"காணும் எண்டா காணும்."

ஒவ்வொரு பயணத்திலும் இதே கதைதான். நானா சிரிப்பார். "நம்மட வீட்டிலயும் இதே சட்டம்தான் தம்பி, குடிங்க" என்பார்.

கடைசிப் பயணத்தில் அடுப்பை மூட்டிய அப்பா, தண்ணீர் கொதிக்கும்போது, "மகன், நீ ஊத்து" என்று அண்ணாவிடம் சொன்னார். அவருக்கு அளந்து ஊற்றும் அம்மாவைத் தவிர வேறு யாரையும் அவர் கேத்தல் தொட விட்டதில்லை. அவருக்கு முடியவில்லை என்று அதிலேயே தெரிந்தது; உடனே வேனை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினோம். அன்று மாலை ஆஸ்பத்திரியிலேயே அப்பாவின் உயிர் பிரிந்தது.

செத்த வீட்டில் உறவினர் ஒருவர், "பாவம், ஆசைப்பட்டதைக் குடுத்திருக்கலாமே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். எட்டாம் நாள் படையலில் அப்பாவுக்குத் தேத்தண்ணீர் வைத்தபோது, கைப்பழக்கத்தில் அந்த மூடியால் அளந்தே ஊற்றினார். "நிறைய ஊத்துங்க அம்மா, இனி ஒண்டும் செய்யாது" என்றார் அண்ணா. அம்மா மூடியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் வாயில் தேத்தண்ணீர் படவில்லை.

அப்பாவின் நோயில் பணம் தந்தவர்களுக்கும், இரத்தம் தந்தவர்களுக்கும், மனம் கோணாத தாதிமாருக்கும், பந்தல் போட்டு எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், நடக்க முடியாத நிலையிலும் பாலாவியிலிருந்து வந்து அம்மாவின் பக்கத்தில் இருந்த நானாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இன்னும் ஓர் உதவி கேட்கிறோம். அம்மா அப்படி அளந்து ஊற்றியிராவிட்டால் அப்பா போன வருடமே போயிருப்பார் என்று டொக்டர் எங்களிடம் சொன்னார். நாங்கள் சொன்னால், பிள்ளைகள் ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்கிறார் அம்மா. இந்த மலரை வாங்கிக்கொண்டு புறப்படும் முன், உங்களில் யாராவது உள்ளே போய் அதை அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மகள்