கட்டிவைத்துக் கொளுத்திய ராக்கெட்

திருத்தணி வரதராஜன் சென்னைத் துறைமுகத்தில் பத்து வருடம் கிரேன் ஓட்டியவர். கண்ணாடிச் சாமான் பெட்டியைக்கூடச் சத்தமில்லாமல் தரையில் உட்காரவைப்பார் என்று பெயர். அந்தப் பெயர்தான் அவரை ஸ்ரீஹரிகோட்டா வேலைக்குக் கொண்டுபோனது.

செயற்கைக்கோளைத் தூக்கிப்போகும் ராக்கெட்டுக்கு அங்கே திட எரிபொருள் வார்த்தார்கள். பெரிய எஃகு உறைக்குள் கூழாக ஊற்றினால் சில நாள் சூட்டில் ரப்பர்போல் இறுகிவிடும். நடுவில் நிறுத்திய நட்சத்திர வடிவ அச்சை உருவியதும் நீளத்துக்கு ஒரு துளை. தீ அந்தத் துளைச் சுவர் முழுக்க ஒரே மூச்சில் பற்றவேண்டும்.

அச்சை உருவுவது வரதராஜன் பொறுப்பு. ஒரு பொறி பறந்தால் கட்டடம் மிஞ்சாது. அதனால் மண்மேட்டுக்கு அப்பால் உட்கார்ந்து, டிவி திரையையும் இழுவிசை காட்டும் முள்ளையும் பார்த்து இயக்கவேண்டும்.

1978இல் ஒருநாள் காலை. அச்சு ஒரு சாண் எழும்பியதும் முள் விறுவிறுவென்று ஏறியது. பொறியாளர் பரந்தாமன் வாய் திறப்பதற்குள் இவர் கை நிறுத்திவிட்டது.

"சிக்கிகிச்சா வரதராஜன்?"

"ஆங் சார். மேல இழுக்க வேணாம். இப்டியே புடிச்சிகினு இருப்போம், தானா விடும்."

இருபது நிமிடம் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முள் ஒரு கோடு இறங்கியது. இன்னொரு கோடு. பிறகு அச்சு வழுக்கிக்கொண்டு வந்தே விட்டது! எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது எரிபொருளில் ஒரு கீறல் இல்லை.

அடுத்த மாதம் எரிபொருள் நிரப்பிய அந்த உறையைப் படுக்கவைத்து, கான்கிரீட் சுவரில் முட்டுக்கொடுத்துக் கொளுத்திப் பார்த்தார்கள். தரை அதிர்ந்ததில் வரதராஜனின் உள்ளங்கால் கூசியது. வெள்ளைப் புகை மலையாக எழுந்தது. அடங்கியதும் பரந்தாமன் அவரைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

வரதராஜன் கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார். மனைவி காஞ்சனா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"காஞ்சனா, எரிஞ்சிது! நாப்பத்தொம்பது செகண்டு!"

"எவ்ளோ ஒசரம் போச்சுங்க?"

"எங்கயும் போவல. கட்டிவெச்சி இல்ல கொளுத்தனாங்க."

"போவாததுக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க?"

"அடி, கட்டலைன்னா போயிருக்கும்டி! சத்தம் எப்டி இருந்துது தெரியுமா?" என்றவர், நடுவீட்டில் நின்று, கன்னம் உப்ப உறுமத் தொடங்கினார். காஞ்சனா ஈரக் கையோடு விரல்விட்டு எண்ணினாள். முப்பதைத் தாண்டும்போது பக்கத்து வீட்டிலிருந்து அவள் தம்பி மணவாளன் பதறி ஓடிவந்தான்.

"பாவா! இன்னா ஆச்சு பாவா?"

"பேசாம இருடா, இன்னும் பதினஞ்சு இருக்குது," என்றாள் காஞ்சனா.