வாயில் வெள்ளி, கழுத்தில் மணி

போன ஞாயிற்றுக்கிழமை காலை தாராவி தொண்ணூறடி ரோட்டில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பல்வலி இல்லை. என் அக்கா மகள் மகேசுக்கும் இல்லை. ஆனாலும் அவள்தான் அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள்… வாயைத் திறந்துகொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"நாலையும் எடுத்துருங்க டாக்டர். இன்னைக்கே. வலிச்சாலும் பரவால்ல."

நல்ல பல்லையா பிடுங்கச் சொல்கிறாள்? அப்படி இல்லை. பல்லில் அடைத்திருக்கும் வெள்ளியைத்தான் எடுக்கச் சொல்கிறாள். ஸ்கூலில் படிக்கும்போது நான்கு கடைவாய்ப் பற்களில் சொத்தை விழுந்து, அடைத்த வெள்ளி. பேர்தான் வெள்ளி, அதில் கிட்டத்தட்ட பாதி பாதரசம். இதை மகேசு தெரிந்துகொண்டது அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை. எங்கே? வேறு எங்கே… வாட்ஸ்அப்பில்தான்.

சிரிக்காதீர்கள். நானும் சிரிக்கவில்லை. மகேசுக்கு இது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் கூட்டிக்கொண்டு வந்தபோது சிக்னலில் வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் பலூன் விற்றுக்கொண்டிருந்தார். மகேசு அந்த பலூன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்த பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த ஃபார்வர்ட் தமிழில் வந்தது. 'உங்கள் பல்லில் இருக்கும் வெள்ளி, வயிற்றில் இருக்கும் பிள்ளையைத் தின்கிறது' என்று தொடங்கியதாம். மகேசு தாராவியில் பிறந்து வளர்ந்த பெண். தமிழில் பேசுவாள், சண்டை போடுவாள். படிக்கச் சொன்னால் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரோடு நின்றுவிடுவாள். மாமன் நான் வாராவாரம் இந்தப் பத்தியில் என்ன எழுதுகிறேன் என்பதே அவளுக்குத் தெரியாது. (ஒருவகையில் நிம்மதி.) அக்காதான் வாசித்துக் காட்டியிருக்கிறாள். கேட்டு முடித்ததும் மகேசு கண்ணாடி முன்னால் போய் வாயைப் பிளந்து பார்த்தாளாம். உள்ளே நான்கு கருவெள்ளிப் புள்ளிகள்.

அதோடு போயிருந்தால் டீ குடித்துவிட்டு மறந்திருப்போம். அன்று மாலையே அக்காவிடமிருந்து போன்.

"ஏல தம்பி, மகேசு தாலி வெளுத்துப் போச்சுல!"

"என்னக்கா சொல்லுத?"

"நல்ல பவுனுல. ஒரு ஓரம் அலுமினியம் கணக்கா வெளுத்துக் கெடக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

ஐரோலியில் மகேசுக்கு ஐ.டி. வேலை. தினமும் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போகிறவள். நின்றால் யோசனை, யோசனை வந்தால் தாலிச் செயினைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடிப்பாள். சின்ன வயதில் சட்டைக் காலரைக் கடித்த பழக்கம், கல்யாணத்துக்குப் பிறகு செயினுக்கு மாறிவிட்டது. பல்லில் பாதரசம், கடித்தது தங்கம், வெளுத்தது தாலி. கணக்குச் சரியாக வருகிறது, இல்லையா? எனக்கும் வந்தது. போதாததற்கு, "ஆமாக்கா, பாதரசம் பட்டாதான் தங்கம் அப்படி வெளுக்கும்" என்று விஞ்ஞானி போல அடித்துச் சொன்னேன்.

எனக்கு எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு பல்தான் காரணம்.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது மாட்டுங்காவில் ஒரு வயதான டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போனார்கள். அந்தக் காலத்தில் வெள்ளிப் பொடியையும் பாதரசத்தையும் சின்னக் குழியம்மியில் போட்டு அரைப்பார்கள். அரைத்ததைத் துணியில் கட்டி, கையாலேயே பிழிவார்கள். துணியிலிருந்து சொட்டிய மிச்சத் துளி ஒன்றை, அழாமல் இருந்ததற்குப் பரிசாக, ஒரு தீப்பெட்டியில் போட்டு எனக்குத் தந்தார் டாக்டர். இன்று யாராவது தந்தால் போலீஸுக்குப் போகலாம்!

வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் அதைக் கொட்டினேன். தட்டைச் சாய்த்தால் ஓடியது. விரலால் தொட்டால் பத்தாக உடைந்தது. இந்தப் பக்கம் சாய்த்தால் பத்தும் ஓடிவந்து, சத்தமே இல்லாமல் ஒன்றானது. உற்றுப் பார்த்தால் அதற்குள் எங்கள் வீட்டு ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் ஒரு துணுக்கு வானம். அந்த மத்தியானம் முழுவதும் நான் தாராவியில் இல்லை. எங்கே இருந்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை… எதுவும் நனையாத ஒரு மழைக்குள் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா தன் கம்மலைக் கழற்றி அதே தட்டில் வைத்தாள். அவ்வளவுதான். துளி போய் ஒட்டிக்கொண்டது. தங்கக் கம்மல் ஈயக் கம்மலானது. அப்பாவின் அடியும், கம்மலை ஆசாரி நெருப்பில் காட்டி மறுபடி மஞ்சளாக்கியதும் வேறு கதை.

அன்று அடைத்த வெள்ளி இன்றும் என் வாயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் அதை நாக்கால் தடவிக்கொண்டிருந்தேன். வெளியே தகரக் கூரையில் மழை, உள்ளே ஃபேன் சத்தம். தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலை. ஹார்பர் லைன் ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறவர்களை நினைத்துக்கொண்டேன். எத்தனை வாய்களில் வெள்ளி மின்னியிருக்கிறது! என்னைப் போலவே அவர்களும் ஆளுக்கொரு ஜன்னலை வாய்க்குள் சுமந்துகொண்டு பன்வேல் வரை போயிருப்பார்களோ…

"அண்ணாச்சி, தூங்குதீயளா?"

டாக்டர் எஸ்தரின் குரல். எஸ்தரும் தாராவிப் பெண்தான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம். மகேசின் இடுப்புக்குக் கீழே ஒரு சின்னத் தலையணையை வைத்துவிட்டு, கண்ணாடிக் குச்சியால் நான்கு பற்களையும் நிதானமாகத் தட்டிப் பார்த்து முடித்திருந்தார்.

"எடுக்க மாட்டேன்" என்றார்.

மகேசு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "காய்கோ டாக்டர்? ஏன் எடுக்க மாட்டீங்க? பாதரசம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு பிள்ள. இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வெள்ளி, செம்பு, தகரத்தோட சேந்து இறுகிக் கெடக்கு. சவைக்கும்போது துளியூண்டு ஆவி வரத்தான் செய்யும். அது முக்காவாசிப் பேர ஒண்ணும் பண்ணாது. கர்ப்பிணி, சின்னப் பிள்ளைங்க, கிட்னி சரியில்லாதவங்களுக்கு மட்டும் புதுசா வைக்கக் கூடாதும்பாவ. நான் இப்பம் யாருக்குமே வைக்கிறதில்ல. ஆனா உன் வாயில இருக்கது உடையல, விரியல, நல்லா இருக்கு. அத இப்பம் டிரில் போட்டு ஒடைச்சாதான் ஆவி குப்புனு கெளம்பும். வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு அந்த வேலைய நான் செய்வனா?"

கூட வந்திருந்த அக்கா விடவில்லை. "அப்பம் தாலி எப்படிம்மா வெளுத்துச்சு?"

"இறுகின வெள்ளி தாலிய இப்படி வெளுக்க வைக்காதே… எங்க, காட்டு பாப்போம்."

மகேசு சுடிதாருக்குள்ளிருந்து தாலிச் செயினை வெளியே இழுத்தாள். செயினோடு சேர்ந்து ஒரு சிவப்புக் கயிறும் வந்தது. கயிற்றின் நுனியில் நாவல்கொட்டை அளவுக்கு, பளபளவென்று ஒரு மணி. தாலியின் வெளுத்த ஓரமும் அந்த மணியும் உரசிக்கொண்டு கிடந்தன.

டாக்டர் அதை விரலால் தூக்கிப் பிடித்தார். "இது என்னது?"

"ரசமணி டாக்டர். பிள்ளைக்குக் காவல். மாமா குடுத்தாங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆடி மாதம் குற்றாலத்துக்குப் போய்வந்ததை இங்கே எழுதியிருந்தேன். சாரல், பழங்கள், பஜாரில் பேச்சுக் கொடுத்த மூலிகைக் கடைக்காரர்… ரசமணி என்பது பாதரசத்தை மூலிகைச் சாறு விட்டு இறுகக் கட்டி மணியாக்கியது, சித்தர் வழி வந்தது, கர்ப்பிணிக்கு நல்லது என்று அவர் சொன்னதை வரி விடாமல் எழுதினேன். எழுதியதோடு நின்றேனா? ஒன்றை வாங்கிவந்து, தாய்மாமன் சீர் என்று மகேசின் கழுத்தில் நானே கட்டியும் விட்டேன்.

"தெனமும் காலைல சூடான பால்ல அத முக்கி எடுத்துட்டு, அந்தப் பாலக் குடிக்கணும். மாமா சொன்னாங்க" என்றாள் மகேசு, நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைப் போல. "ரெண்டு மாசமா ஒரு நாள்கூட நான் மிஸ் பண்ணல டாக்டர்."

நான் குறுக்கே பேசினேன். "அது கட்டின ரசம்மா… சுத்தி பண்ணினது…"

"யாரு கட்டினா அண்ணாச்சி? எதுல கட்டினா? நல்லா இறுகுச்சா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா? நல்லா இறுகியிருந்தா தாலி ஏன் வெளுக்கு?"

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கடைக்காரர் விதிகளை ஒரே மூச்சில் சொன்னார். அதில் ஒன்று: 'தங்கத்தில் படக் கூடாது.' ஏதோ விரத சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன். பால் விஷயத்தை மட்டும் மகேசிடம் சொன்னேன், தங்கத்தை மறந்துவிட்டேன். கம்மல் வெளுத்து அடி வாங்கியவன்! அக்கா என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகேசு தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தாள். பழைய வெள்ளித் துணுக்குகளைப் போட்டு வைக்கும் இறுக்கமான ஜாடி ஒன்று டாக்டரிடம் இருந்தது. அதற்குள் மணியைப் போட்டு மூடினார். "தாலிய ஆசாரிகிட்ட குடுத்தா நெருப்புல காட்டுவாரு. பாதரசம் பட்டதுன்னு சொல்லிக் குடுங்க. இல்லன்னா அந்தப் புகை அவரு நெஞ்சுக்குள்ள போவும்" என்றார். என்ன மனுஷி! யார் என்றே தெரியாத ஆசாரியின் நெஞ்சு வரைக்கும் யோசிக்கிறார்.

மகேசு நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "அப்போ முன்னாடி ரெண்டும்… என் பல்லால போகலையா டாக்டர்?"

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் மனதில் இருந்த கேள்வி இதுதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து நாளாகத் தன் வாயையே கொலைகாரியாக நினைத்துக்கொண்டு அந்தப் பெண் ஐரோலிக்குப் போய்வந்திருக்கிறாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பல்லு மேல பழி போடாத. உன் மேலயும் போடாத. சில நேரம் காரணமே தெரியாது பிள்ள. அதுக்காக ஒரு காரணத்த நாமளா உண்டாக்கிக்கிடக் கூடாது."

மகேசு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். அந்த இரண்டு முறையும் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அவளுடைய பிரசவ டாக்டரிடம் போனோம். நடந்ததை மறைக்காமல் சொன்னோம், சொன்னது நான்தான். ரத்தப் பரிசோதனை. வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. பாதரசம் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல். "இத்தோடு நிறுத்தினால் இறங்கிவிடும், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்றார் டாக்டர். ஸ்கேன் ரூமுக்குள் என்னையும் அக்காவையும் கூப்பிட்டார்கள். இருட்டில் ஒரு சின்ன சத்தம், திடுதிடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி துடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அக்காதான் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "வால" என்றாள். ஐந்து நாளில் அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

செம்பூரில் என் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். பல்லில் இருக்கும் பாதரசத்துக்கு அப்படிப் பயந்த நாங்கள், கழுத்தில் கிடந்த பாதரசத்தை ஏன் சந்தேகப்படவில்லை? பல்லில் வைத்தவர் யாரோ ஒரு டாக்டர். கழுத்தில் கட்டியவன் மாமா. மகேசு என்னைச் சந்தேகப்பட மாட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நேற்று இதை எழுதி முடித்ததும் அவளுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். நான் எழுதியதை அவள் கேட்டது இதுதான் முதல் முறை.

"நல்லா இருக்கு மாமா" என்றாள். அப்புறம், "அந்தக் கடை அட்ரஸ் வேணும்னு உங்களுக்கு லெட்டர்லாம் வந்துச்சுன்னு சொன்னீங்களே, அவங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

நல்ல கேள்வி. ஆடி மாதத்திலிருந்து பதில் போடாமல் சோம்பேறித்தனமாக இருந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொல்கிறேன். வாங்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கழற்றி, ஒரு பாட்டிலில் போட்டு இறுக மூடி, டாக்டரிடம் காட்டுங்கள். வாங்கப்போகிறேன் என்று முகவரி கேட்டவர்களுக்கு—

முகவரி என் டைரியில் பத்திரமாக இருக்கிறது. தர மாட்டேன்.