குடிப்பாரா என்று டாக்டர் கேட்டார்

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. எழுத்து கோணலாக வரும், சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள். குடிக்கிற அப்பாவிடம் வளர்ந்தவர்கள் எழுதிக் கொடுத்தால் புத்தகமாகப் போடுவோம், இப்போது அப்படி வளர்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்றீர்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் நடந்தது. எனக்குப் பதினோரு வயது இருக்கும். மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில் ஒரு குப்பம் எங்களுடையது. அப்பா கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போவார். விடியும் முன்னே போனால் வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவார். வந்ததும் சவுக்குத் தோப்புக்குள் போவார். அங்கே சாராயம் காய்ச்சி விற்றார்கள்.

மத்தியானம் அவர் தோப்பை விட்டு வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிடுவேன். துண்டு தோளில் இருந்தால் சோறு போடலாம். தலையில் இறுக்கிக் கட்டியிருந்தால் தங்கை வசந்தாவை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கற்றுக்கொண்டேன். அந்த நேரம் நெருங்கினாலே எனக்குத் தொப்புளுக்கு மேலே முறுக்கிக்கொண்டு வலிக்கும். எங்கள் வீட்டில் முதலில் வந்த நோய் அதுதான். அப்போது அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை.

அம்மாவின் அண்ணன் சதுரங்கப்பட்டினத்தில் இருந்தார். நாங்கள் மாமா என்போம். ஒருமுறை அம்மாவின் முகத்தில் வீக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “இவன் குடிச்சிட்டு கடலுக்குப் போவாம கெடந்தான்னு இன்னொரு தபா கேள்விப்பட்டேன், உன்னியும் சின்னத்தையும் இட்டுகினு போயிடுவேன். பெருசு அப்பனுக்கு சோறு பொங்கிகினு இங்கியே கெடக்கட்டும்.”

பெருசு நான்.

அதனால் அப்பா எழுந்திருக்காத நாளில் மாமா வருவதாகத் தெரிந்தால், அம்மாவும் நானும் ஒரு வேலை செய்வோம். கிணற்றுத் தண்ணீர் நாலு குடம் சேந்தி வலையை நனைத்து, கடலுக்குப் போய் வந்த வலை மாதிரி வெளியே விரித்துவிடுவோம். “உடம்பு அசதி, தூங்குறாரு” என்று அம்மா சொல்லுவாள். மாமா ஈர வலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பேன்.

ஒருநாள் அலையில் கட்டுமரம் புரண்டு அப்பாவின் காலில் விழுந்தது. கால் எலும்பு முறிந்தது, தலையிலும் அடி. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய்ச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாவுக்கட்டு போடும்போது டாக்டர் எல்லோரையும் கேட்பது போலத்தான் கேட்டார்.

“குடிப்பாரா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான், பெரிய மனுஷர்களிடம் பதில் சொல்வது என் வேலை. மாமா பக்கத்தில் நின்றார்.

“இல்லீங்க சார்” என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பாவுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. வியர்வையில் படுக்கை நனைந்தது. பிறகு அவர் எங்களைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து போர்வையைக் கை மாற்றிக் கை மாற்றி இழுக்க ஆரம்பித்தார்.

“ஏ மல்லி, கயித்தப் புடி. வல போவுது பாரு, புடி.”

என் பேரைச் சொன்னதும் நான் போர்வையின் ஓரத்தைப் பிடித்தேன். பிடிக்காவிட்டால் அடிப்பார் என்று பயம். அவர் இழுக்க இழுக்க நானும் இழுத்தேன். வார்டே பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் கை முறிந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் இருந்தார். “இன்னா பொண்ணு, உங்கப்பா தரையிலியே மீன் புடிக்கிறாரே. எனக்கு ஒரு வஞ்சரம் எடுத்து வெக்கச் சொல்லு” என்றார். சிலர் சிரித்தார்கள்.

டாக்டர் வந்தார். மூளைக்காய்ச்சலா என்று முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நாலு பேர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது இல்லையென்றால் தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கும், மெட்ராஸுக்கு அனுப்பி மண்டையைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும், வழியிலேயே எதுவும் ஆகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டிக்காரர் என்னைக் கூப்பிட்டார். இப்போது கிண்டல் இல்லை. “உங்கப்பா தண்ணி போடுவாரா?”

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“என் தம்பிக்கு இப்படியே வந்துச்சு. சரக்கு நின்னா மூணாம் நாளு வரும். சொல்லாம கெடந்தா ஆளு பூடுவான். போய் சொல்லு.”

மாமா வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் அம்மாவும் வசந்தாவும் போய்விடுவார்கள், நான் மட்டும் அப்பாவோடு. சொல்லாவிட்டால் அப்பா இல்லை. ஒரு நிமிஷம், அப்பா இல்லாவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நர்ஸம்மா தண்ணீர்க் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். “அப்பா குடிப்பாரு. தெனமும்.” சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பேர் டெலிரியம் (குடித்துப் பழகிய உடம்புக்குச் சாராயம் திடீரென்று நின்றால் வரும் பிரமை). மருந்தை மாற்றினார்கள். குளுக்கோஸ் ஏற்றி, சத்து ஊசியும் தூக்க ஊசியும் போட்டார்கள். மெட்ராஸ் போக வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. பெஞ்சில் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“எப்பம்மா வலிக்கும்?”

“மத்தியானத்துல சார்.”

“அப்பா கடல்ல இருக்கும்போது?”

“அப்ப வலிக்காது.”

அவர் கையை எடுத்துவிட்டார். அம்மாவிடம், “வயித்துல ஒண்ணும் இல்ல. இந்தப் பொண்ணு பயந்து பயந்து இப்படி ஆயிருக்கு. அவருக்கு மட்டும் வைத்தியம் பாத்தா போதாதும்மா” என்றார். எனக்கு மாத்திரை ஏதும் தரவில்லை. அது எனக்குக் குறையாக இருந்தது.

அம்மாவுக்கு என் மேல் கோபம். “ஊருக்கே தண்டோரா போட்டுட்ட” என்றாள், அவ்வளவுதான். நான் மாமாவிடம் போய், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்களா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “இட்டுகினு போயி எங்க வெக்கிறது? எங்கூட்லியே ஏழு பேரு. அவன் குடிக்கிறது எனக்குத் தெரியாதாமே? செதிலு ஒண்ணு ஒட்டல, உப்பு வாடையும் இல்ல, வல நனைஞ்சு கீது. நானும் கடல்காரன்தான். பாவம், குடம் குடமா சேந்துனீங்களேன்னு கம்முனு போனேன்.”

நான் அழவில்லை. இதுவரை எத்தனை குடம் சேந்தினோம் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் அப்பாவுக்குத் தெளிந்தது. யார் சொன்னது என்று கேட்டார். “உம்பொண்ணுதான்” என்றாள் அம்மா.

“இன்னா சொன்ன?”

“தெனமும் குடிப்பாருன்னு.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தே, “தெனமும் இல்ல” என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனாலும் கல்யாணமாகிப் பல வருஷம், அவர் வந்ததும் செம்பில் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் வாயை மோந்து பார்ப்பேன். ஒருநாள் அவர், “ஊதட்டா, இல்ல நீயே மோந்துக்கிறியா?” என்று கேட்டார். சிரித்தார்தான், ஆனால் அவருக்கு அது வலித்திருக்கும். பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தால் அடக்குவேன். ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

இதைப் படிக்கிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகளை உங்களுக்காகப் பொய் சொல்ல வைக்காதீர்கள். அது நாக்கோடு நிற்காது, உடம்புக்குள் இறங்கிவிடும்.

இப்போது அவரும் இல்லை, பிள்ளைகளும் தனித்தனியே போய்விட்டார்கள், வீட்டில் நான் ஒருத்திதான். யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் வெயில் உச்சிக்கு வந்தால் என் வயிறு இறுகும். அதற்கு வருஷம் போனது தெரியவில்லை. தினமும் மூன்று மணி வாக்கில்தான் அது என்னை விடும். அதற்குப் பிறகுதான் எனக்கு நாள் தொடங்கும்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு அப்பா ஒன்பது வருஷமோ பத்து வருஷமோ இருந்தார். அந்த வருஷங்களில் அவர் குடிக்கவில்லை என்று இங்கே எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். நிஜமாகவே குடிக்கவில்லையா, என் வாய்ப்பழக்கம் எழுதியதா என்று எனக்கே தெரியவில்லை. வசந்தா புதுப்பட்டினத்தில்தான் இருக்கிறாள். தயவு செய்து அவளிடம் கேளுங்கள். குடித்தார் என்று சொன்னால் அப்படியே போடுங்கள்.