மாம்பழப் பெட்டியில் வந்த தேள்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. நல்ல குணம் இல்லைதான், என்ன செய்ய, கூடவே பிறந்துவிட்டது. கொழும்பின் வடக்கே கொட்டாஞ்சேனையில் இருந்தவரைக்கும் அது அடங்கித்தான் கிடந்தது. யாழ்ப்பாணத்தார் நிறைந்த வெள்ளவத்தையில் இந்த மூன்றாம் மாடி ஃப்ளாட்டுக்கு வந்த பிறகுதான் தலைவிரித்து ஆடத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் காரணம் எதிர் வீட்டு அக்காவுக்கு வருகிற பெட்டிகள். முகத்துக்கு நேரேதான் அக்கா. மனதுக்குள் எப்போதும் ‘அவள்’தான்.

வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு புறப்படுகிற பஸ்ஸில் கொண்டக்டரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, பஸ் நம்பரை ஃபோனில் சொல்லிவிடுவார்கள். விடியக்காலையில், காலி ஊருக்குப் போகிற பெரிய ரோட்டில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியது. எங்கள் கட்டிடத்தில் மாடிக்கு ஒருவருக்காவது வரும். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், முருங்கைக்காய், வறுத்து இடித்த தூள், சீசன் என்றால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். அவளுக்கு மாதம் தவறாமல் வரும். “அம்மா அனுப்பினவ” என்று சாதாரணமாகத்தான் சொல்லுவாள். எனக்கு அங்கேயே வயிறு பற்றி எரியும்.

பெட்டி வந்தால் பங்கு வைப்பாள், அதில் குறை சொல்லக் கூடாது. ஆனால் கீழ் மாடியில் இருக்கிற அவளுடைய ஊர்க்காரருக்கு நாலு பழம், எனக்கு ரெண்டு. ஒவ்வொரு முறையும் எண்ணியிருக்கிறேன். கீழ் மாடிப் பையைப் படிக்கட்டில் பார்த்தால் எண்ணாமல் இருப்பேனா? வெறும் பையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று நானும் ஏதாவது போட்டுத்தான் கொடுப்பேன். பேக்கரியில் வாங்கிய, மீன் வைத்த மாலு பாண். ஊர் இல்லாதவள் வேறு எதைப் போட?

என் தாத்தா இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்பா பிறந்தது கொட்டாஞ்சேனை, நான் பிறந்ததும் கொட்டாஞ்சேனை. இங்கே வந்த புதிதில் சொந்த ஊர் எது என்று எல்லோரும் கேட்டார்கள். சொன்னேன். அது சரி, அதுக்கு முந்தி எது என்றார்கள். ‘ஆமா’ என்கிற வாயை யாழ்ப்பாணத்தார் மாதிரி ‘ஓம்’ என்று மாற்றிக்கூடப் பார்த்தேன். அப்படியும் கேட்டார்கள்.

போன வருஷம் மாம்பழ சீசனில் ஒரு நாள் பஸ் வழியில் பழுதாகி, பத்து மணிக்குத்தான் வெள்ளவத்தைக்கு வந்தது. அவள் பேங்க் வேலைக்குப் போய்விட்டாள், மகள் பள்ளிக்கூடத்தில். பெட்டியை ஒருக்கா எடுத்து வைக்க முடியுமா என்று எனக்கு ஃபோன் பண்ணினாள். என் கணவர் ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்டில் கிளார்க், காலையிலேயே போய்விடுவார். ஆக, வீட்டில் நானும் அந்தப் பெட்டியும் மட்டும்.

சமையலறையில் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன். வாசனை வேறு ஆளைத் தூக்கியது. திருட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை, நம்புங்கள். அவர்களுக்கு நாலு, எனக்கு ரெண்டு. குறைகிற ரெண்டை நானே எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும், அவ்வளவுதான். கத்தியால் டேப்பை மெல்லக் கீறினேன். மேலே எடுத்தால் தெரிந்துவிடும் என்று வைக்கோலுக்குள் கையை விட்டு அடியில் துழாவினேன்.

நெருப்புக் கொள்ளியை விரலில் வைத்து அழுத்தியது மாதிரி இருந்தது. கையை உதறினேன். சுண்டுவிரல் அளவில், சிவப்பா மஞ்சளா என்று சொல்ல முடியாத நிறத்தில் ஒரு தேள் விழுந்து கேஸ் சிலிண்டர் பக்கம் ஓடியது. வீடு கூட்டுகிற தும்புத்தடியால் அடித்த அடியில் கூழாகிவிட்டது. அதைக் காகிதத்தில் அள்ளி டொய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கை தோள்பட்டை வரைக்கும் துடிக்கிறது, நான் அடுத்துச் செய்த வேலை என்ன தெரியுமா? பெட்டிக்குத் திரும்ப டேப் ஒட்டினேன். ஒற்றைக் கையால், சுருக்கம் விழாமல். அவள் கதவுக்கு முன்னால் தள்ளிக்கொண்டுபோய் வைத்தேன். அதற்குப் பிறகுதான் தேள் கொட்டிவிட்டது என்று அவளுக்கே ஃபோன் பண்ணினேன்.

பாவி, பத்து நிமிஷத்தில் ஆட்டோவோடு வந்து நின்றாள். வழியெல்லாம் என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். மூன்றாம் மாடிக்குத் தேள் எப்படி வந்தது என்று அவளே யோசித்து, அவளே பதிலும் கண்டுபிடித்தாள். என் கணவரின் சாப்பாட்டுப் பையில், கொண்டெய்னர் யார்டிலிருந்து வந்திருக்கும். நான் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டார்கள். ஆனால் வலியோடு அது நிற்கவில்லை. தலையிலிருந்து கால்வரை வேர்த்துக் கொட்டியது, கையும் காலும் ஐஸாகிவிட்டது, வாந்தி, நெஞ்சு தாறுமாறாக அடித்தது. டொக்டர் ஒரு சிங்களப் பொடியன். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருஷம் வேலை செய்து தமிழ் பழகியவன். கொழும்புத் தேள் கொட்டினால் வலிக்கும், பிறகு போய்விடும், இது அப்படித் தெரியவில்லை என்றான். இதே மாதிரி அங்கே பார்த்திருக்கிறானாம். வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சாமான் ஏதும் வந்ததா என்று என்னைக் கேட்டான்.

எனக்கு முந்தி அவள் பதில் சொன்னாள்.

“இவவுக்கு யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் இல்ல டொக்டர்.”

உயிர் போகிற நேரத்திலும் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. டொக்டர் விடவில்லை. அந்தத் தேள் என்றால் மருந்து வேறு, பிந்தினால் இதயம் களைத்துப்போகும், அதனால் யோசித்துச் சொல்லுங்கள் என்றான். நான் யோசித்தேன். சொன்னால் கட்டிடம் முழுக்கத் தெரியும். மாம்பழம் திருடின கொட்டாஞ்சேனைக்காரி என்று பெயர் நிற்கும். செத்தாலும் பரவாயில்லை என்றுதான் அந்த நேரம் உண்மையாகவே நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள். வாசலில் பெட்டி இருக்கிறது, திறக்கட்டா என்று கேட்கிறது பிள்ளை. ஓம், ஒரு பழம் எடுத்துச் சாப்பிடு என்று இவள் சொல்கிறாள்.

“திறக்க வேணாம்னு சொல்லுங்க அக்கா. நான் திறந்தேன். தேள் அதுக்குள்ளதான் இருந்துச்சு, இன்னொண்ணும் இருக்கலாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியைத் தொடாமல் கீழ் மாடிக்குப் போய் இருக்கச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். டொக்டர் அதற்குள் மருந்துக்கு ஆள் அனுப்பிவிட்டான். மாத்திரையைத் தந்துவிட்டு, என் பயம் போகட்டும் என்றோ என்னவோ, அந்தத் தேளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அது யாழ்ப்பாணத்துத் தேளே இல்லையாம். சில பத்து வருஷத்துக்கு முந்தித்தான் இந்தியாவிலிருந்து வந்ததாம். எதோடு வந்தது, எப்படி வந்தது என்று ஆளுக்கொன்று சொல்லுவார்களாம். ஏதோ சாமானோடு தெரியாமல் வந்து, அப்படியே அங்கே பெருகிவிட்டது. இப்போது எல்லோருக்கும் அது யாழ்ப்பாணத்துத் தேள்.

எனக்கு அந்தத் தேளின் மேலும் பொறாமை வந்தது. சிரிக்காதீர்கள். என் தாத்தாவும் அங்கிருந்துதான் கடல் தாண்டி வந்தார், அதற்கு எவ்வளவோ முந்தி. மூன்று தலைமுறை உழைத்தும் எங்களுக்குக் கிடைக்காத ஊர், சாமானுக்குள் ஒளிந்து வந்த ஒரு பூச்சிக்குக் கிடைத்துவிட்டது.

டொக்டர் அவள் பக்கம் திரும்பினான். பெட்டி எந்த வீட்டிலிருந்து வந்தது, அங்கே இருக்கிறவர்களை எச்சரிக்க வேண்டும், அம்மாவின் நம்பரைத் தாருங்கள் என்றான். கொஞ்சம் முன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த மாதிரி அவளும் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனில் ஒரு நம்பரைத் தேடி எடுத்துக் காட்டி, இது சந்தையில் ஒரு பழக்கடை, அவரிடம் சொல்லுங்கள் என்றாள். அவன் குறித்துக்கொண்டு போனான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்ததைப் பற்றி ஏசப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

“ஊர் வீட்டை வித்துப்போட்டம். அம்மா கனடாவில அண்ணாவோட. நான்தான் கடைக்கு ஃபோன் பண்ணிப் பெட்டி கட்டுவிக்கிறனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

சொல்ல மாட்டேன் என்றேன். இத்தனை வருஷமாக ஒரு பழக்கடைக்காரர் கட்டிய பெட்டியைப் பார்த்தா நான் வயிறெரிந்தேன் என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. அவள் அழத் தொடங்கினாள். கிணற்றடியைச் சொன்னாள், வாசல் கேற்றில் தகப்பன் அடித்த பச்சைப் பெயின்டைச் சொன்னாள், வாங்கியவர்கள் எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள் என்றாள். நான் தேள் கொட்டாத கையால் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மனதுக்குள் என்ன ஓடியது என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். விற்றுவிட்டோம் என்று அழுவதற்கு இவளுக்கு ஒரு வீடாவது இருந்ததே.