உள்ளே நின்றுபோன நீலத் துணுக்கு

பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பெயர் டொக்டொக். விமானத்துக்கான கார்பன் பலகைகளை நாணயத்தால் தட்டி, எங்கே உள்ளுக்குள் ஒட்டு விட்டிருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். நல்ல இடம் கணீரென்று பேசும். விட்ட இடம் சளி பிடித்தவன் மாதிரி முனகும்.

அந்தப் பலகைகளை அடுத்த அறையில் செய்தவள் அவர் மனைவி. மெல்லிய தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வலுவுக்கு முதுகில் பட்டைகளை ஒட்டுவாள். ஒவ்வொரு தாளின் மேலும் இருக்கும் நீலப் பிளாஸ்டிக்கை உரித்து எண்ணிப் போடுவாள். இருபத்துநாலு தாளென்றால் கூடையில் இருபத்துநாலு உரி இருந்தாக வேண்டும். இவரோ அந்தப் பலகையை இயந்திரத்தில் மாட்டி, அது நெளிந்து நிமிர்ந்து, நெளிந்து நிமிர்ந்து உடையும்வரை அமுக்குவார். "நான் ஒரு வாரம் குனிஞ்சு ஒட்டுறதை உடைக்கத்தான் இந்த மனுஷனுக்குச் சம்பளம்!" என்று சாப்பாட்டு நேரத்தில் ஊரைக் கூட்டுவாள். என்ன நாட்கள் அவை! அந்த வாய்க்காகவே மனிதர் மணி அடிக்கக் காத்துக்கிடப்பார்.

அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். அவள் கடைசியாக ஒட்டிய பலகைக்கு இப்போதுதான் முறை வந்தது. அவள் பலகை என்றால் அவர் எப்போதுமே பேருக்குத்தான் தட்டுவார். லட்சம் அமுக்கல் தாங்க வேண்டியது, நாற்பதாயிரத்திலேயே பட்டை பிரிந்து மடாரென்று உடைந்தது. அதை வடிவமைத்த இளம் பெண் பொறியாளருக்கு முகம் வெளிறிப்போயிற்று. கணக்கு தப்பென்றால் இரண்டு வருஷ உழைப்பு வீண்.

டொக்டொக் உடைந்த இடத்தை விரித்துப் பார்த்தார். பட்டையின் அடியில் நகத்தளவு நீலம். உரிக்கும்போது மூலை கிழிந்து உள்ளேயே நின்றிருக்கிறது. கூடையில் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கும். இப்போது அவர் பார்த்ததை யாரும் கவனிக்கவில்லை. கிள்ளியெடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். முப்பது வருஷம் ஒரு குறை சொல்ல முடியாத பெயர் அவளுடையது.

அந்தப் பெண் கணக்குத் தாள்களைப் புரட்டிப் புரட்டி உதட்டைக் கடிப்பதை அவரால் பார்க்கச் சகிக்கவில்லை. கையை நீட்டித் திறந்தார்.

"உன் கணக்குல தப்பில்லம்மா. இது என் வீட்டுக்காரி விட்டது. நானும் ஒழுங்காத் தட்டிப் பாக்கல. அப்படியே எழுதிக்கோ."

அந்தப் பெண் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இவ்வளவு பளிச்சுன்னு இருக்கே அண்ணே. அக்காவுக்கு அப்பவே கண்ணு மங்கிடுச்சா?"

"ஒரு வார்த்தை சொல்லலையே. அந்த வருஷம் பஸ் நம்பரைக்கூட என்னையே படிக்கச் சொன்னா. கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் படி இறங்குனா. வயசான காலத்துல செல்லம் கொஞ்சுறான்னு நெனச்சேன்மா."