தனக்கோடியின் வாசலோடு முடிந்த ஊர்

ஜோகுபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தனக்கோடி அக்கா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுக்க மாடு மாடு என்று புலம்பியவள். தொண்ணூற்றாறில் ஹெப்பகோடியைத் தாண்டி ஒரு கன்னடக் கிராமத்தில் ஓட்டு வீடும் கிணறுமாகக் கொஞ்சம் நிலம் அமைந்தது. டீக்கடைகூட இல்லாத ஊரில் எப்படிக் குப்பை கொட்டுவது என்று முனகிய புருஷன் அய்யாவுவையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

கௌரி என்ற பசுவும் நாலைந்து கோழிகளும் வந்தன. பக்கத்துத் தோட்டத்து லட்சுமம்மா ஓசூர்ப் பக்கம் பிறந்தவள், தமிழ் பேசுவாள். கேட்காமலேயே மாட்டுக்குக் கேழ்வரகுத் தாள் கொண்டுவந்து போட்டாள். சாகிற வரைக்கும் இனி இங்கேதான் என்று அக்கா என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் கல்யாணக் களை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சங்கராந்தி வந்தது. அந்த ஊரில் அன்று சாயங்காலமே மாடுகளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, தெருவில் வைக்கோலைக் கொளுத்தித் தாண்ட விடுவார்கள். தீயைத் தாண்டிய மாட்டை நோய் அண்டாது என்று நம்பிக்கை. லட்சுமம்மா வந்து கூப்பிட்டாள். எங்களுக்கு மாட்டுப் பொங்கல் நாளைக்குத்தான் என்று அக்கா சொல்லிவிட்டாள். கௌரி சினையாக இருந்ததும் ஒரு காரணம். மறுநாள் தனியாகப் பொங்கல் வைத்து வீடு வீடாகக் கொடுத்தாள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாசியில் கோமாரி வந்தது. முதலில் கோவிந்தப்பா வீட்டு மாடு வாயில் நுரை தள்ளிக்கொண்டு நொண்டியது. பிறகு கொட்டகை கொட்டகையாகப் பரவியது. லட்சுமம்மாவின் உழவு மாடு ஒன்று செத்தே போயிற்று. தீ தாண்டாத கௌரி மட்டும் நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். எங்கள் அக்காவுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? நம்ம கௌரிக்குச் சாமி துணை என்று எல்லோர் காதிலும் விழும்படி பெருமையடித்தாள். அன்றிலிருந்து அவளைக் கண்டால் பேச்சு நின்றுபோனது.

ஒரு நாள் காலையில் அவள் வாசல் படலுக்கு முன்னால் ஒரு முறமும் மஞ்சள் சோறும் வேப்பிலையும் கிடந்தன. மாடுகளுக்கு நோய் வந்தால் மாரியை இப்படி முறத்தில் வைத்துக் கொண்டுபோய் ஊர் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு வருவது அங்கே வழக்கம். எல்லை என்பது எப்போதும் ஏரிக்கு அந்தப் பக்கம்தான். இந்த முறை அக்காவின் வாசலோடு ஊர் முடிந்துவிட்டது. முறம் லட்சுமம்மாவுடையது. அதைப் பார்த்ததும்தான் அக்கா உடைந்துபோனாள்.

அய்யாவு மூட்டை கட்டச் சொன்னார். அக்கா கௌரியை அவிழ்த்தாள். நேரே ஏரிக்கு ஓட்டிப்போய், நுரை வடியும் மாடுகளின் நடுவே தண்ணீர் குடிக்க விட்டாள். பின்னாலேயே ஓடிய அய்யாவு கயிற்றைப் பிடுங்கப் பார்த்தார்.

"விடுய்யா. எல்லா மாட்டுக்கும் வந்தது இதுக்கும் வரட்டும்."

கரையில் நின்ற ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அந்த வாரமே வந்தது. கௌரியின் வாயில் நுரை கண்ட சேதி பரவியதும் லட்சுமம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக்கொண்டு, தானே படலைத் திறந்து உள்ளே வந்தாள். கௌரியின் குளம்புகளுக்கு அவளே பூசிவிட்டாள். அக்கா கொடுத்த காப்பியையும் குடித்தாள்.

"முன்னாடியே கூப்பிடக் கூடாதா தனக்கோடி? இது நம்ம ஊரு மாடு இல்லையா?" என்றாளாம்.

கன்று வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. இரண்டு நாளில் தாயும் போயிற்று. சேதி கேட்டு நான் போனபோது கோவிந்தப்பா ஆட்களோடு குழி வெட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் வாசல் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அய்யாவு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அக்கா அழுத கண்ணோடு என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"பாத்தியாடி, ஒரு வீடு பாக்கியில்லாம வந்திருக்காங்க."