வாங்க என்று சொல்லாத வலைப்பக்கம்

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கோயிலுக்கும் வீட்டுக்கும்தான் கழற்றினோம். பீளமேட்டில் நான் படிக்கும் சென்டரின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே ஏசிக் குளிரில் வெறுங்காலோடு உட்கார்ந்து ஹெச்டிஎம்எல் தட்டுவோம். முதல் நாள் நான் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டதைப் பார்த்த டீச்சர் சுமதி, "ஏனுங்க்கா, குளுருதுங்களா?" என்றாள். என்னைவிட மிக இளையவள். இந்த ஊரில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுகிறார்கள். வந்த புதிதில் யாருக்குக் கோபம் என்று கண்டுபிடிப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஊரில் நான் பாடசாலை அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். சண்டைக்குத் தப்பி வந்து, இங்கே துடியலூரில் வாடகை வீட்டில், ரொறொன்ரோவிலிருக்கும் தம்பி அனுப்பும் பணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது தொண்டையில் இறங்கவில்லை. ஒரு வலைப்பக்கத்தை ஒழுங்காகச் செய்து முடித்தால் சென்டரிலேயே வேலை என்று சுமதி சொன்னபோது, அதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சென்னிமலைப் பெட்ஷீட் வியாபாரி பழனிச்சாமிக்கு, வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க ஒரு பக்கம் வேண்டியிருந்தது. மேலே தமிழில் 'வாங்க' என்று இருக்க வேண்டும் என்றார். அங்குள்ள கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து வராது என்றேன்.

"ஊட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு கேக்காம, எடுத்ததும் துணிய விரிச்சுக் காட்டறதுங்களா, அம்மணி?"

தாளில் எழுதி, ஸ்கேன் செய்து, படமாகவே வைத்தேன். பெட்ஷீட் படங்களும் திரையில் அழகாக வந்தன. பக்கத்தை இணையத்தில் ஏற்றிவிட்டுத் தம்பியைப் பார்க்கச் சொன்னேன். பழனிச்சாமி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போன் வந்தது.

"அக்கா, ஒரு படமும் தெரியேல்லை. வெறும் பெட்டியும் சிவப்புப் புள்ளடியும்தான்."

புள்ளடி என்றால் பெருக்கல் குறி என்று சுமதிக்குச் சொன்னேன். சுமதி குனிந்து பார்த்துச் சிரித்தாள். படங்கள் இருக்கும் இடமாக நான் எழுதியிருந்தது என் மேசைக் கம்ப்யூட்டரின் முகவரி. படங்கள் பீளமேட்டை விட்டுப் புறப்படவே இல்லை. ஊர் விட்டு ஊர் வந்த நான் செய்யக்கூடிய பிழையா இது!

பழனிச்சாமி பெட்ஷீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்ப, வந்தவங்கள வாங்கன்னே கேக்காம உட்டுப்போட்டமுங்களா?" என்றார். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது.

முகவரிகளைத் திருத்திப் படங்களையும் ஏற்றினோம். மோடம் கத்திக் கத்தி ஒருவழியாக அனுப்பி முடித்தது. இம்முறை தம்பி போனில் ஒவ்வொரு பெட்ஷீட்டின் நிறத்தையும் சொல்லச் சொல்ல, நான் "'வாங்க' வந்துவிட்டதா?" என்றுதான் கேட்டேன். வந்துவிட்டது. சுமதி, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னாள்.

"கீழ உங்க பேரும் ஊரும் போட்டுருங்க அம்மணி. ஆரு செஞ்சதுன்னு தெரிய வேண்டாங்களா?" என்றார் பழனிச்சாமி.

பெயரைத் தட்டி, யாழ்ப்பாணம் என்று ஆங்கில எழுத்தில் போட்டேன். சுமதி விடவில்லை. "அப்ப, தெனமும் துடியலூருல உங்ககூட பஸ் ஏறுறனே, நான் ஆருங்க்கா?"

ஒரு கமா போட்டுத் துடியலூரையும் சேர்த்தேன்.

"ரெண்டு ஊர் கிடக்கு. நான் எந்த ஊருக்குப் பிளேன் ரிக்கற் எடுக்கிறது?" என்று தம்பி கேலி செய்தான்.

துடியலூர் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். மற்ற ஊரில் சண்டையில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. அம்மா அங்கேதான் இருக்கிறார்.